ஐந்து வெள்ளிக் கார்ஷாபணத் தொகுப்பு: காசு அசல், அட்டை கதை

‘மௌரியர் கால வெள்ளிக் காசுகள்’ என்று ஆன்லைனில் விற்கும் தொகுப்பு இது. சின்னங்களைத் தனித்தனி முத்திரையாகக் குத்திய ‘கார்ஷாபணம்’ என்னும் பழங்காசு ஐந்து, மரப்பெட்டி, சான்றிதழ், சின்னங்களை விளக்கும் அட்டை. விலை 7,500 ரூபாய். காசுக்காக வாங்கலாம், அட்டையை நம்பி வாங்க வேண்டாம்.

ஐந்தும் அசல்தான். எடை 3.12 முதல் 3.38 கிராம் வரை. 32 ரத்தி (குன்றிமணி எடை), அதாவது ஏறக்குறைய 3.4 கிராம் காசு, புழங்கித் தேய்ந்தால் இப்படித்தான் நிற்கும். விளிம்பில் உளி வெட்டிய தடமும், எடை சரிசெய்ய மூலையை நறுக்கிய சாய்வும் தெரிகின்றன. முத்திரைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, ஆழமும் வேறுபடுகிறது. வார்ப்புப் போலியில் எல்லாமே கரைந்த சோப்பு மாதிரி மழுங்கியிருக்கும்.

சந்தேகமிருந்தால் 0.01 கிராம் தராசில் தண்ணீர்த் தம்ளரை வைத்துப் பூஜ்யமாக்கி, காசை நூலில் கட்டி, அடியில் படாமல் முக்குங்கள். 3.30 கிராம் காசுக்கு 0.31 – 0.33 காட்டினால் நல்ல வெள்ளி, 0.37 என்றால் உள்ளே செம்பு. வெள்ளி முலாம் பூசிய கள்ளக்காசு அந்தக் காலத்திலேயே உண்டு. பழசாகத் தெரிவது மட்டும் போதாது.

குறை, காசுகளைப் பொறுக்கிய விதத்தில். முன்பக்கம் ஐந்து முத்திரை இருக்கும். அவற்றில் சூரியனும், நடுவிலிருந்து ஆறு கை நீளும் ஆறுகைச் சின்னமும் இந்த வரிசையில் ஏறக்குறைய எல்லாக் காசிலும் வரும். வகையைச் சொல்வது மீதி மூன்று முத்திரைதான். இரண்டு காசில் சூரியன் பளிச்சென்று இருக்க, அந்த மூன்றும் பாதி விளிம்புக்கு வெளியே போய்விட்டன. இந்தக் காசுகளை வகை பிரித்துத் தரும் குப்தா–ஹார்டேக்கர் பட்டியலோடு ஒப்பிட்டால் எந்த வகை என்று உறுதியாகச் சொல்ல முடியாது. தனித்தனிப் படம் கேட்டு வாங்குங்கள்.

அட்டை, பிறை சூடிய மூவளைவு மலையை ‘அசோகரின் ஸ்தூபம்’ என்கிறது. எழுத்தே இல்லாத காசில் அரசர் பெயர் எங்கிருந்து வந்ததோ! அதே சின்னம் மௌரியர் காலத்தவை எனக் கருதப்படும் சோகௌரா செப்பேட்டிலும் பாட்னா கும்ராகார் தூணிலும் இருப்பதால் மௌரியர் தொடர்பு சொல்லலாம், அவ்வளவுதான். பின்பக்கச் சிறு முத்திரைகளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. போடிநாயக்கனூர்ப் புதையலைப் பாண்டியர் காசு என்று சொல்ல வைத்ததே பின்பக்க மீன் சின்னம்தான்.

கொடுத்திருக்கும் பி.வி.சி. உறையை உடனே மாற்றுங்கள், பச்சைப் பிசுக்கு ஏறும். புளி, விபூதி, பற்பசை எதுவும் போட்டுத் தேய்க்காதீர்கள். பழைய வெள்ளி உள்ளுக்குள் நொறுங்கியிருந்தால் விண்டுவிடும். ‘வெளிநாட்டு டெலிவரி உண்டு’ என்று வேறு போட்டிருக்கிறார்கள். 1972 தொல்பொருள் சட்டப்படி தனியார் இதை ஏற்றுமதி செய்ய முடியாது.