எல்லாவற்றையும் பூட்டுவதா, பாதியை விட்டுவிடுவதா?

குழந்தை தவழ ஆரம்பித்ததும் வீட்டில் மூன்று கட்சி உருவாகிவிடும். ஒன்று, கண்ணில் பட்ட கதவு, இழுப்பறை, மேசை முனை எல்லாவற்றுக்கும் லாக்கும் பஞ்சும் ஒட்டும் கட்சி. இரண்டாவது, ஒரே ஓர் அறையைப் பக்காவாகப் பாதுகாத்து அங்கேயே விளையாட விடுவது. மூன்றாவது, எதையும் மாட்டாமல் பின்னாலேயே நடந்து "தொடாதே, தொடாதே" என்று சொல்லிக்கொண்டிருப்பது.

மூன்றாவதை முதலிலேயே தள்ளிவிடலாம். ஒன்றரை வயதுக் குழந்தைக்கு 'வேண்டாம்' என்பது புரிந்தாலும் கையைத் தடுத்துக்கொள்ளத் தெரியாது, நாள் முழுக்கக் கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டிருக்க நமக்கும் முடியாது.

முதல் கட்சியின் சிக்கல் வேறு. பதினைந்து லாக் மாட்டிய வீட்டில் பெரியவர்களே சலித்துப்போய் பாதியைத் திறந்தபடி விட்டுவிடுவார்கள், ஆனால் பூட்டியிருக்கிறது என்ற நினைப்பு மட்டும் மனதில் இருக்கும், அதுதான் மோசம். சில பொருட்கள் வாங்கவே தேவையில்லாதவை. பிரிட்டனின் பிளக் பாயிண்ட்டுகளுக்குள் தானாக மூடிக்கொள்ளும் தடுப்பு ஏற்கெனவே இருக்கிறது. மேலே செருகும் பிளாஸ்டிக் மூடி அந்தத் தடுப்பையே கெடுக்கலாம் என்பதால், 2016-இல் அங்கே அரசு மருத்துவமனைகளில் அவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். உங்கள் வீட்டுப் பாயிண்ட்டில் தடுப்பு இல்லையென்றால் கதை வேறு, அதை மாற்றத்தான் வேண்டும். நடைவண்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை: சக்கரம் வைத்து உள்ளே உட்கார வைக்கும் வாக்கரைக் கனடா 2004-இலேயே தடை செய்துவிட்டது. குழந்தையைப் படிக்கட்டு வரை வேகமாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அதுதான்.

ஓர் அறை முறை எனக்குப் பிடிக்கும். சமைக்கும்போதும் போன் பேசும்போதும் நிம்மதி. ஆனால் குழந்தை அதற்குள்ளேயே அடங்கியிருக்கும் என்று நம்பக் கூடாது, கதவு ஒருநாள் திறந்துதான் இருக்கும்.

நான் சொல்வது இவற்றுக்கு நடுவில் ஒரு வழி. விழுந்தால் வீக்கமா, உயிருக்கே ஆபத்தா என்று பிரித்துப் பாருங்கள். பாத்திரம், டப்பா, துணி இருக்கும் கீழ்த்தட்டைத் திறந்தே விடுங்கள், கொட்டட்டும், இரைக்கட்டும், சாயங்காலம் அள்ளி வைத்தால் போச்சு. மேசை முனையில் லேசாக இடித்துக்கொண்டால் அழுகை, அப்புறம் ஞாபகம். உயிர் சம்பந்தப்பட்டதில் மட்டும் கறாராக இருங்கள்: காசு போல் தட்டையாக இருக்கும் பட்டன் பேட்டரியை விழுங்கினால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாய் வெந்துபோகலாம், அதனால் ரிமோட்டின் மூடிக்கு ஸ்க்ரூ இருக்க வேண்டும். வாளியில் 5 செ.மீ. தண்ணீர் போதும் மூழ்குவதற்கு, குளித்து முடித்ததும் கவிழ்த்துவிடுங்கள். மருந்தும் சுத்தம் செய்யும் திரவமும் உயரத்தில், பூட்டோடு. திரைச்சீலைக் கயிற்றைச் சுருட்டி எட்டாத உயரத்தில் கட்டுங்கள். இழுப்பறை அலமாரியைச் சுவரோடு ஸ்க்ரூ போட்டு இறுக்குங்கள். குழந்தைகள் மேல் சரிந்து உயிர்கள் போன பிறகுதான், 2016-இல், ஐகியா என்ற மரச்சாமான் நிறுவனம் அமெரிக்காவில் சுமார் 2.9 கோடி அலமாரிகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது.

குழந்தை படியேறாமல் தடுக்கும் படிக்கட்டு கேட்டில் மட்டும் காசு பார்க்காதீர்கள். ஸ்க்ரூ இல்லாமல் இரு பக்கமும் அழுத்தி நிற்கும் வகை கீழ்ப்படிக்குச் சரி, மேல்படியில் சுவரில் ஸ்க்ரூ போடும் வகைதான். குழந்தை அதன்மேல் ஏற ஆரம்பித்துவிட்டால் கழற்றிவிடுங்கள், இனி அதைத் தாண்டி விழுவதுதான் பெரிய ஆபத்து.