காலரில் துருக்கறை: சன்ஸ்கிரீன் அனுபவம்

தள்ளுபடியில் விலை இறங்கியிருக்கிறது என்றதும் உடன் வேலை பார்க்கும் தம்பி கேட்டான்: "அண்ணா, நீங்கள் பூசுகிற சன்ஸ்கிரீனை வாங்கலாமா? தினமும் பூசினால் தோலுக்குப் பழகிப்போய்விடும் என்கிறார்களே?"

பழகாது. அது தோலின் மேல் கிடக்கும் படலம், அவ்வளவுதான். வியர்வை கரைக்கும், கைக்குட்டை துடைத்துக்கொண்டு போகும், அதிலுள்ள சில வேதிப்பொருள்கள் வெயிலிலேயே சிதையும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூசச் சொல்வது அதனால்தான். இன்னொரு காரணமும் உண்டு. டப்பாவில் அச்சிட்ட எஸ்.பி.எஃப். 50 என்ற வெயில்தடுப்பு எண், சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசி அளந்த கணக்கு. நம்மில் பெரும்பாலானோர் அதில் பாதிகூடப் பூசுவதில்லை. காலையில் காதோரத்திலும் மூக்கின் பக்கவாட்டிலும் விட்டுப்போனதை மதியப் பூச்சுதான் ஈடுகட்டுகிறது. ஆனால் அதுவரை வாங்கிய வெயிலை எந்தப் பூச்சும் திருப்பி எடுக்காது.

தினமும் பூசுவதன் பலன் சோதித்தே பார்க்கப்பட்டது. ஆஸ்திரேலியாவின் நாம்பூர் என்ற ஊரில் 1992-லிருந்து 1996 வரை நடந்த ஆய்வில், நாள்தோறும் பூசியவர்களிடம் ஒருவகைத் தோல் புற்றுநோய் சுமார் 40 சதவீதம் குறைந்திருந்தது. வெள்ளைத்தோல்காரர்கள் மிகுந்த ஊர் என்பதால் அந்தக் கணக்கு நமக்கு அப்படியே பொருந்தாது. எனக்கு வேண்டியிருந்தது வேறு. நிலம் அளக்கிற வேலையில் கன்னத்தில் படர்ந்த மங்கு, நிறம் கலந்த சன்ஸ்கிரீனுக்கு மாறிய பிறகு படராமல் நின்றது. அதிலுள்ள இரும்பு ஆக்சைடு கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் தடுக்கும். மங்குக்கு அந்த ஒளியும் ஆகாது. இவ்வளவு கேட்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

இனி காலர் கதை. கழுத்துக்கு மட்டும் நிறமில்லாத, மலிவான இன்னொன்றை வைத்திருக்கிறேன். அதில் வெயிலைத் தடுக்கும் அவோபென்ஸோன் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. டப்பாவில் 'பியூட்டைல் மெதாக்ஸிடைபென்ஸோயில்மீத்தேன்' என்று முழ நீளத்துக்குப் போட்டிருப்பார்கள். தண்ணீரிலுள்ள இரும்போடு சேர்ந்தால் அது துருக்கறையாகிவிடும். எங்கள் வீட்டு ஆழ்துளைக் கிணற்றிலோ இரும்புக்குப் பஞ்சமே இல்லை. போடும்போது வெளுப்பாக இருக்கும் காலர், துவைத்துக் காய்ந்ததும் மடிப்பு நெடுகச் செம்பழுப்புக் கோட்டோடு நிற்கிறது. வெளுப்பான் ஊற்றினால் கறை இன்னும் ஆழமாகப் பிடிக்கும். எலுமிச்சையும் உப்பும் தேய்த்து வெயிலில் வைத்தால் பாதி போகும். வெயிலுக்காகப் பூசியதைப் போக்க மறுபடி வெயிலிடமே போக வேண்டியிருக்கிறது!

தம்பிக்குச் சொன்னது இதுதான்: நிறம் கலந்ததை வாங்கு, மதியமும் பூசு, முகத்துக்கு அதைவிட நல்லது நான் பார்த்ததில்லை. கழுத்துக்குப் பூசும் அந்த மலிவானதற்கு மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு இரண்டு. காலையில்தான் இஸ்திரி போடுபவர் என் புதுச்சட்டையை விரித்துக் காட்டி, "சார், இது நான் பண்ணியதில்லை" என்றார்.