ஃபேக்ஸ்: மெமரியில் ஏற்றி அனுப்புவதா, நேரடியாக அனுப்புவதா?

மன்னார்குடியில் ஜெராக்ஸ் கடையோடு ஃபேக்ஸும் வைத்திருந்தபோது, பத்திர நகல் வந்தாலே எனக்குப் பதற்றம்தான். நீடாமங்கலம் பக்கத்துப் பெரியவர் ஒருவர் 11 பக்கப் பாகப்பிரிவினைப் பத்திரத்தின் நகல் கொண்டுவந்தார். சென்னை வக்கீலுக்குப் போகவேண்டும். ஏழாவது பக்கத்தில் மெமரி நிரம்பிவிட்டது. அதுவரை ஸ்கேன் ஆனதை அனுப்பவா, ரத்து செய்யவா என்று மெஷின் கேட்கிறது.

மெமரி முறையில் சௌகரியம் அதிகம். எல்லாத் தாளையும் முதலிலேயே ஸ்கேன் செய்து கையோடு திருப்பிக் கொடுத்துவிடலாம். எதிர்முனை எங்கேஜ்டு என்றால் மெஷினே மறுபடி டயல் செய்யும். ஒரே கடிதத்தை நாலு நம்பருக்கு அனுப்பவும் இதுதான் வழி. நேரடி முறையில் லைன் கிடைத்த பிறகே ஒவ்வொரு பக்கமாக இழுத்து, படிக்கப் படிக்க அனுப்பும். அதுவரை தாளும் ஃபீடரில், ஆளும் கடையில். ஆனால் 40 பக்கம் இருந்தாலும் மெமரி நிரம்பாது.

அந்தப் பத்திரம் ஏன் அவ்வளவு இடம் பிடித்தது? ஏ4 தாளில் வரிக்கு 1728 புள்ளி. சாதாரணத் தரத்தில் பக்கத்துக்குச் சுமார் 20 லட்சம், ஃபைன் என்ற நுணுக்கமான தரத்தில் 40 லட்சம். தொடர்ந்து வெள்ளையாக இருந்தால் ‘இத்தனை புள்ளி வெள்ளை’ என்று ஒரே குறியீட்டில் அடக்கிவிடும். அதனால் டைப் அடித்த கடிதம் நன்றாகச் சுருங்கும். முத்திரைத்தாளின் பின்னணிப் பூவேலையில் கறுப்பும் வெள்ளையும் மாறி மாறி வருவதால் சுருங்கவே சுருங்காது. ஃபோட்டோ மோடில் வைத்தால் இன்னும் மோசம்.

இன்னொன்று, வருகிற ஃபேக்ஸுக்கும் அதே மெமரிதான். பேப்பர் தீர்ந்தால் வரும் பக்கங்கள் அதில்தான் தங்கும்; இடமில்லை என்றால் வரவு நின்றுவிடும். ஐப்பசி மழையில் கரண்ட் போனால், பேட்டரி இல்லாத சின்ன மெஷினில் இருப்பதும் அழிந்துபோகும். அதனால் மெமரி குறைவு என்றால் அதை வரவுக்கு ஒதுக்குங்கள் என்றுதான் சொல்வேன். ஓரிரு பக்கக் கடிதத்தை மெமரியில் ஏற்றலாம். பத்திரம், அடங்கல் கட்டு என்றால் நேரடிதான்.

பின்னணிப் பூவேலை மங்கட்டும் என்று பெரியவரின் தாள்களை வெளிறலாக மறுநகல் எடுத்து, சாதாரணத் தரத்தில் நேரடியாக அனுப்பினேன். 11 பக்கமும் போய்ச் சேர்ந்தன. அப்புறம் வக்கீல் போன் செய்தார்: சர்வே எண்ணில் இருப்பது 3-ஆ, 8-ஆ? அந்த ஒரு பக்கத்தை மட்டும் ஃபைனில் மறுபடி அனுப்பினேன்.