சிட்டி உங்கள் வீட்டை மரபுரிமைச் சொத்தாக்கினால் எந்தக் கதவைத் தட்டுவது?

ஒன்ராறியோவில் ஒரு நகரசபை உங்கள் கட்டடத்தை மரபுரிமைச் சொத்தாகப் பிரகடனப்படுத்த உங்களுடைய சம்மதம் தேவையில்லை. லேக்‌ஷோர் என்ற ஊரின் சபை, உரிமையாளர் விரும்பாவிட்டால் கைவைப்பதில்லை என்றொரு வழக்கம் வைத்திருந்தது. 2003இல் நீதிமன்றம் அந்த வழக்கமே பிழை என்றது. ஒன்ராறியோ மரபுரிமைச் சட்டம் சபையிடம் ஒப்படைத்த பொறுப்பை உரிமையாளரின் விருப்பத்திடம் விட்டுவிட முடியாது என்பது தீர்ப்பின் சாரம். ஆகவே "நான் ஓம் சொல்லவே இல்லையே" என்று வாதாடிப் பயனில்லை. எடுபடக்கூடிய வாதங்கள் வேறு இருக்கின்றன. ஆனால் ஒவ்வொன்றும் எடுபடும் இடம் வேறு.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய கட்டடங்கள் நிற்க வேண்டும் என்று விரும்புகிறவன் நான். அதற்காக, வீட்டுக்காரர் ஒருவர் கெடு தெரியாமல் தன் உரிமையை இழப்பதை ஏற்க முடியாது. சாதாரண வீட்டுக்காரருக்கு, பிரகடனத்தை அடியோடு முறியடிக்கப் போவதைவிட, பைலோவில் (பிரகடனத்துக்காகச் சபை நிறைவேற்றும் உள்ளூர்ச் சட்டத்தில்) ஏறப்போகும் மரபுரிமை அம்சங்களின், அதாவது காக்கப்பட வேண்டிய பகுதிகளின், பட்டியலைத் திருத்தப் போராடுவதே லாபம். கீழே ஒவ்வொரு வழியையும் அந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன்.

அதற்கு முன் ஒன்று. சிட்டியின் மரபுரிமைப் பதிவேட்டில் பெயர் இருப்பது வேறு, பிரகடனம் வேறு. பதிவேட்டில் மட்டும் இருந்தால், இடிப்பதற்கு 60 நாள் முன்னதாகச் சிட்டிக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும், அவ்வளவுதான். 2022இல் மாகாணம் கொண்டுவந்த பில் 23 என்ற சட்டத் திருத்தம் அந்தப் பதிவுக்கும் ஆயுள் வைத்துவிட்டது. குறித்த காலத்துக்குள் பிரகடனத்துக்கான அறிவித்தல் வராவிட்டால் பெயர் நீங்கும், ஐந்து வருடத்துக்குத் திரும்ப ஏற்றவும் முடியாது. பழைய பதிவுகளுக்கான கெடு முதலில் 2025 ஜனவரி 1 ஆக இருந்தது, பிறகு 2027 ஜனவரி 1க்குத் தள்ளிப்போடப்பட்டது. கெடு நெருங்க நெருங்கப் பல நகரங்கள் பதிவேட்டைப் புரட்டிப் பிரகடனங்களை விரைவுபடுத்தியதற்கு இதுதான் காரணம்.

சபையிடம் ஆட்சேபணை

முதலில் வருவது, பிரகடனம் செய்யப்போவதாகச் சபை வெளியிடும் உத்தேச அறிவித்தல். அது வெளியான நாளிலிருந்து 30 நாளுக்குள் நகர எழுத்தரிடம் ஆட்சேபணையைக் காரணங்களோடு எழுத்தில் கொடுக்கலாம். கடிதம் உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து கணக்கில்லை, அறிவித்தல் வெளியான நாளிலிருந்துதான் கணக்கு. வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு வேறு ஊரில் இருப்பவர்களுக்கு இது பெரிய பொறி.

30 நாள் முடிந்த பிறகு, சபை 90 நாளுக்குள் ஆட்சேபணையைப் பரிசீலித்து, அறிவித்தலை மீளப் பெறுவதா இல்லையா என்று முடிவெடுக்க வேண்டும். அறிவித்தல் வெளியாகி 120 நாளுக்குள் பைலோ நிறைவேறாவிட்டால் அறிவித்தல் தானாகவே கைவிடப்பட்டதாகிவிடும். இரு தரப்பும் உடன்பட்டால் இந்தக் கெடுவை நீட்டலாம்.

இந்தப் பாதையில் செலவு கிட்டத்தட்ட இல்லை. சட்டத்தரணி இல்லாமலே எழுதலாம். பலவீனம் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது: பிரகடனம் செய்ய நினைத்த அதே சபைதான் உங்கள் ஆட்சேபணையையும் தீர்க்கிறது. முழுதாகப் பின்வாங்கச் சொன்னால் பெரும்பாலும் மனம் மாறாது. ஆனால் பைலோவின் வாசகம் இன்னும் இறுகாத நேரம் இது ஒன்றுதான். மரபுரிமைப் பிரிவின் திட்டமிடல் அதிகாரியோடு உட்கார்ந்து ஒரு சொல்லை எடுக்கவும் ஒரு வரியைக் குறுக்கவும் முடிகிற நேரம்.

இதற்குள் இன்னொரு விஷயம் நடந்துவிடும். உத்தேச அறிவித்தல் கொடுக்கப்பட்ட நாளிலேயே, முன்பு எடுத்து வைத்திருந்த மாற்றல், இடித்தல் பெர்மிட்டுகள் செல்லாமல் போகும். பைலோ வரும்வரை பொறுக்காமல் கட்டடம் பாதுகாப்புக்குள் வந்துவிடுகிறது. "அதற்குள் வேலையை முடித்துவிடலாம்" என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். சட்டவிரோதமாக இடித்தால் தண்டப்பணம் 10 லட்சம் டொலர்வரை போகலாம்.

அந்தப் பட்டியல் ஏன் முக்கியம்

ரொறன்ரோவின் கபேஜ்டவுன் பக்கம் நடந்து பாருங்கள். வெல்லெஸ்லி, பார்லிமென்ட் சந்தியில் எங்கள் ஆட்கள் 80களிலும் 90களிலும் வந்திறங்கிய சென் ஜேம்ஸ் டவுன் அடுக்குமாடிக் கோபுரங்களுக்குத் தெற்கே, நடந்துபோகும் தூரம். ஒடுங்கிய, உயர்ந்த செங்கல் வீடுகள். முன்னுக்குத் தள்ளி நிற்கும் குடா யன்னல் இரண்டு மாடிக்கும் ஓடி, மேலே கூரான முக்கோண முகட்டில் முடியும். முகட்டின் ஓரத்தில் மரத்தில் செதுக்கிய வேலைப்பாடு. இந்தப் பாணிக்கு 'பே அண்ட் கேபிள்' என்று பெயர், ரொறன்ரோவுக்கே உரியது.

அப்படியொரு வீடு தனியாகப் பிரகடனமாகிறது என்று வையுங்கள். பைலோவின் அம்சப் பட்டியலில் ஒரு வரி "முன்புற யன்னல்களின் இடமும் அளவும்" என்று இருக்கலாம். அல்லது "முன்புற மர யன்னல்கள்" என்று இருக்கலாம். முதல் வாசகத்தில், பழைய யன்னலைக் கழற்றி அதே அளவில் குளிர் தாங்கும் புதியதைப் போட வழி இருக்கிறது. இரண்டாவதில் மரமே அம்சமாகிவிட்டது. இனி ஒவ்வொரு முறையும் சிட்டியிடம் போய் நிற்க வேண்டும், செலவும் அதற்கேற்றபடி. அடுத்த 30 வருடத்துக்கு உங்கள் வீட்டுச் செலவைத் தீர்மானிப்பது அந்த ஒரு சொல்.

மாற்றல் வேலைகளில் சட்டம் கட்டுப்படுத்துவது பட்டியலில் உள்ள அம்சங்களைப் பாதிக்கிற வேலையைத்தான். உள்ளே எதுவும் குறிப்பிடப்படாவிட்டால், குசினியை உடைத்துக் கட்டுவதற்கும் பேஸ்மென்ட்டைத் திருத்துவதற்கும் மரபுரிமை அனுமதி தேவையில்லை, வழமையான கட்டட பெர்மிட் போதும். 2021 ஜூலையிலிருந்து, பட்டியலில் உள்ள ஓர் அம்சத்தை அகற்றுவதே இடித்தலுக்குச் சமமாக, இடித்தல் அனுமதி பற்றிய 34ஆம் பிரிவுக்குள் வருகிறது. பின்னாளில் ஒட்டிய விறாந்தை ஒன்று தவறுதலாகப் பட்டியலில் ஏறினால், அதை எடுப்பதும் 'இடிப்பு' விண்ணப்பமாகிவிடும்.

பட்டியலைத் திருத்த ஆதாரம் வேண்டும். ரொறன்ரோவுக்கு 1880 முதல் 1924 வரை வெளியான கோட் (Goad) என்ற பெயருடைய தீக்காப்புறுதி வரைபடங்களில் செங்கல் கட்டடம் சிவப்புச் சாயத்திலும் மரக் கட்டடம் மஞ்சளிலும் இருக்கும். பின்பக்க அறை அன்றைக்கு இருந்ததா, சுவர் மரமா செங்கல்லா என்று பார்த்துவிடலாம். நகர ஆவணக் காப்பகத்தின் பழைய படங்கள், வரி மதிப்பீட்டு ஏடுகள், முந்தைய உரிமையாளர் எடுத்த பெர்மிட்டுகள் எல்லாம் உதவும். சபையிடம் போகும் ஒரு பக்கக் கடிதத்தோடு இப்படியான ஒரு பிரதி இருந்தால், பத்துப் பக்க ஆதங்கத்தைவிடப் பலன் கூட.

தீர்ப்பாயத்தில் மேன்முறையீடு

பைலோ நிறைவேறி அதன் அறிவித்தல் வெளியானதும் இன்னொரு 30 நாள் ஓடத் தொடங்கும். அதற்குள் ஒன்ராறியோ காணித் தீர்ப்பாயத்தில் மேன்முறையீடு செய்யலாம். உரிமையாளர் மட்டுமல்ல, பைலோவை ஆட்சேபிக்கும் எவரும் செய்யலாம்.

2021 ஜூலைக்கு முன் நிலைமை வேறு. அப்போது ஆட்சேபணைகள் பாதுகாப்பு மீளாய்வுச் சபை என்ற அமைப்பிடம் போகும். அது விசாரித்துப் பரிந்துரை சொல்லும், கடைசிச் சொல் நகரசபையுடையது. பில் 108 இதை மாற்றிவிட்டது. இப்போது தீர்ப்பாயத்தின் முடிவு சபையைக் கட்டுப்படுத்தும். பைலோவை நீக்கலாம், மேன்முறையீட்டைத் தள்ளலாம், பைலோவைத் திருத்தவும் செய்யலாம். அந்தக் கடைசி அதிகாரத்தைப் பலர் கவனிப்பதில்லை. "பைலோவே வேண்டாம்" என்று மட்டும் கேட்டுப் போகிறவர், தோற்றால் வெறுங்கையோடு திரும்புவார். "நீக்குங்கள், இல்லாவிட்டால் இந்த மூன்று வரிகளையாவது எடுங்கள்" என்று கேட்கிறவருக்கு நடுவழி ஒன்று கிடைக்கும்.

இங்கே எதைப் பேசலாம், எதைப் பேசிப் பயனில்லை என்று தெரிந்திருக்க வேண்டும். மரபுரிமைச் சட்டத்தின் கீழ் வரும் ஒழுங்குவிதி 9/06 ஒன்பது அளவுகோல்களை வைத்திருக்கிறது: கட்டடக்கலை சார்ந்தவை மூன்று, வரலாறு சார்ந்தவை மூன்று, சுற்றுச்சூழலோடு உள்ள உறவு சார்ந்தவை மூன்று. 2023இலிருந்து பிரகடனத்துக்கு இவற்றில் குறைந்தது இரண்டு பொருந்த வேண்டும். முன்பு ஒன்று போதும். வீட்டின் விலை இறங்கும், கூரை திருத்தக் காசில்லை, பிள்ளைகளுக்காக விற்க வேண்டும் என்பவை எல்லாம் உண்மையான கவலைகள். ஆனால் அந்த ஒன்பதுக்குள் அவை வராது. எந்த இரண்டு அளவுகோல்களைச் சிட்டி பிடித்திருக்கிறது என்று பார்த்து, அவற்றில் ஒன்று நிற்காது என்று காட்டினால் பைலோவே ஆட்டம் காணும். அதைக் காட்ட மரபுரிமை நிபுணரின் அறிக்கையும் சாட்சியமும் வேண்டும். சிட்டியிடம் சொந்த நிபுணர்களும் சட்டத்தரணிகளும் இருக்கிறார்கள். செலவு இங்கேதான் ஏறுகிறது. தீர்ப்பாயம் சமரசப் பேச்சுக்கும் இடம் கொடுக்கிறது, முழு விசாரணைக்குப் போகுமுன் அதைக் கேட்டுப் பாருங்கள்.

அனுமதி கேட்டுப் போவது

பிரகடனத்தோடு மோதாமல், செய்ய நினைத்த வேலைக்கு 33ஆம் பிரிவில் மாற்றல் அனுமதியோ 34இல் இடித்தல் அனுமதியோ கேட்கலாம். விண்ணப்பம் முழுமையானது என்று ஏற்ற பிறகு சபைக்கு 90 நாள். பதில் சொல்லாவிட்டால் சம்மதித்ததாகவே கொள்ளப்படும். மறுத்தாலோ நிபந்தனை போட்டாலோ உரிமையாளர் 30 நாளுக்குள் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். கட்டடத்தின் நிலைமை, பாதுகாப்பு, செலவு பற்றியெல்லாம் பேச வாய்ப்பு இங்கே உண்டு.

இந்த இரண்டு பிரிவுகளுக்கும் இடையே ஒரு காலத்தில் எவ்வளவு தூரம் இருந்தது என்பதற்கு ஓக்வில்லின் க்ளென் அபி கோல்ஃப் மைதானம் சாட்சி. ஜாக் நிக்லஸ் வடிவமைத்து 1976இல் திறந்த மைதானம், கனேடிய ஓபன் பல தடவை நடந்த இடம். உரிமையாளரான க்ளப்லிங்க் அங்கே 3,000க்கு மேற்பட்ட குடியிருப்புகள் கட்டத் திட்டம் போட்டது. நகரசபை 2017இல் மைதானத்தை மரபுரிமைச் சொத்தாக்கியது. க்ளப்லிங்க் 34ஆம் பிரிவில் இடிக்க அனுமதி கேட்டது. "மைதானம் கட்டடமல்லவே, அதை எப்படி இடிப்பது? இது 33இன் கீழ் வரும் மாற்றல்" என்றது ஓக்வில். வெறும் சொல் விளையாட்டல்ல இது. அன்றைய சட்டத்தில் 33இல் போனால் கடைசி முடிவு சபையின் கையில். 34இல் போனால் கட்டுப்படுத்தும் தீர்ப்பைத் தரும் தீர்ப்பாயத்தின் கையில். 2019இல் ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம் க்ளப்லிங்க் பக்கம் நின்றது. அவ்வளவு தூரம் வென்ற பிறகும் 2021 ஜூலையில் நிறுவனம் தன் மேன்முறையீடுகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. மைதானம் மைதானமாகவே நிற்கிறது. அத்தனை பலமுள்ள உரிமையாளருக்கே எந்தக் கதவால் நுழைவது என்று முடிவாக வருடங்கள் போயின.

இப்போது இரண்டு கதவுகளும் ஒரே தீர்ப்பாயத்துக்குத்தான் திறக்கின்றன. அதனால், உங்களுக்கு உண்மையில் வேண்டியது பின்பக்கம் ஓர் அறை கூட்டுவதோ கூரையை மாற்றுவதோ என்றால், பைலோவை எதிர்ப்பதைவிட அனுமதி விண்ணப்பம் நேர்வழி. நிலத்தை வெறுமையாக்கி உயரக் கட்ட நினைப்பவருக்கு மட்டும்தான் பைலோவோடு முழுப் போர் அர்த்தமுள்ளது.

மற்ற இரண்டு

பழைய பைலோவை நீக்கும்படி 32ஆம் பிரிவில் எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம். சபை மறுத்தால் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். தோற்றால் சபையின் சம்மதமில்லாமல் 12 மாதத்துக்கு மறுபடி கேட்க முடியாது. கட்டடம் எரிந்துபோனது போன்ற பெரிய மாற்றம் இல்லாவிட்டால் இதில் நேரம் செலவழிக்கச் சொல்ல மாட்டேன்.

ஏற்றுக்கொள்வதும் ஒரு வழிதான், அதைத் தோல்வியாக நினைக்க வேண்டியதில்லை. பிரகடனமான, பராமரிப்பு ஒப்பந்தம் போட்ட சொத்துகளுக்கு வரியில் 10 முதல் 40 வீதம்வரை குறைக்க மாகாணம் நகரங்களுக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது. எல்லா நகரமும் கொடுப்பதில்லை, எல்லா வகைச் சொத்துக்கும் கொடுப்பதில்லை. திருத்த வேலைக்கு மானியம் தரும் நகரங்களும் உண்டு. ஆட்சேபணைக்கான 30 நாள் ஓடும்போதே இதைக் கேட்டு வையுங்கள்.

யூனியன்வில், கபேஜ்டவுன் போல முழு வட்டாரமாகவே பிரகடனமான இடங்களில் கணக்கு வேறு. பைலோ வட்டாரம் முழுவதுக்குமானது, மேன்முறையீட்டுக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. அங்கே வீடு வாங்கியவருக்கு அனுமதி விண்ணப்பம் ஒன்றே நடைமுறை வழி.

சங்கமோ கோயிலோ பழைய தேவாலயத்தையோ மண்டபத்தையோ வாங்க யோசித்தால், தனிப் பிரகடன பைலோ காணி உறுதியோடு பதிவாகி வரும், புது உரிமையாளரையும் கட்டுப்படுத்தும் என்பதை மறக்க வேண்டாம். 1970களிலும் 80களிலும் இயற்றிய பைலோக்கள் பல ஒரு பந்தி அளவுதான், எது அம்சம் எது இல்லை என்று பிரித்துச் சொல்லாது. அந்த மங்கல் வாங்குபவருக்கு ஆபத்து. விலை பேசுமுன் பைலோவின் பிரதியை எடுங்கள். உள்ளேயும் வெளியேயும் செய்ய நினைத்திருக்கும் வேலைகளை ஒரு தாளில் எழுதி, இரண்டையும் சிட்டியின் மரபுரிமை அதிகாரியிடம் காட்டி, எதற்கு அனுமதி வேண்டும் எதற்கு வேண்டாம் என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள். அந்தப் பதில் வரும்வரை கொள்வனவு ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை இருக்கட்டும்.