டச்பேட் மாற்ற 2,800 ரூபாய் வாங்கினார்கள், கெட்டிருந்தது பேட்டரி

வீட்டிலிருந்தபடியே நாலைந்து கடைகளுக்கு ஜிஎஸ்டி கணக்குப் பார்க்கிறேன். மாதம் 20ஆம் தேதி நெருங்கினால் லேப்டாப்பை மூடவே மாட்டேன். கரண்ட் போனாலும் வேலை நிற்கக் கூடாது என்று மூன்று வருடமாகச் சார்ஜரைப் பிடுங்கியதும் இல்லை. மூலையில் எப்போதும் 100 என்று காட்டும். பேட்டரி நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன ஜூனில் டச்பேட் அழுந்தவில்லை. விரலால் தடவினால் நடுவில் லேசாக ஒரு மேடு. திருச்சியில் வழக்கமாகப் போகும் சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, "டச்பேட் போச்சு மேடம், மாத்தணும்" என்றார். இரண்டு நாள் கழித்து 2,800 ரூபாய் கொடுத்து வாங்கி வந்தேன். பில்லுக்குப் பதில் ஒரு துண்டுச் சீட்டு. கழற்றிய பழைய பாகத்தைக் கேட்கத் தோன்றவில்லை. இந்தப் பதிவில் நீங்கள் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் அதை வையுங்கள். பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள்.

டச்பேட் வேலை செய்தது, ஆனால் மொசைக் தரையில் வைத்தால் லேப்டாப் ஆடியது. தரைதான் கோணல் என்று மடித்த பேப்பரை அடியில் செருகிக்கொண்டேன். ஆறு வாரத்தில் அடிமூடியின் ஓரம் பிளந்து இடைவெளி தெரிந்தது. வேறொரு மெக்கானிக்கிடம் போனேன். சின்னப் பையன், என் கண் முன்னாலேயே திறந்தான். உள்ளே பேட்டரியின் மூன்று கறுப்புப் பைகள். இட்லி மாவுப் பாக்கெட்டை ஃப்ரிட்ஜில் வைக்க மறந்தால் உப்பி நிற்குமே, அப்படி நின்றன. "அக்கா, நடுவுல ரெண்டு ஸ்க்ரூவே இல்ல. பேட்டரி மேலே டச்பேடைத் தள்ளாம கீழே மூடியைத் தள்ளட்டும்னு எடுத்து விட்டிருக்காங்க" என்றான்.

அப்படியானால் முதல் ஆள் திறந்து பார்த்திருக்கிறார். பார்த்தும் மூடிக் கொடுத்திருக்கிறார். என் பெண் அதை மடியில் வைத்துக்கொண்டு படித்தாள்.

நேரே அந்தக் கடைக்குப் போய்க் கேட்டேன். துளி பதற்றம் இல்லை. "போன்தான் மேடம் வெடிக்கும், லேப்டாப் எல்லாம் வெடிக்காது. கொண்டாங்க, குண்டூசியால ஒரு ஓட்டை போட்டுக் காத்தை எடுத்துட்டா ஆறு மாசம் ஓடும்" என்றார். யாராவது உங்களிடம் இப்படிச் சொன்னால் பொருளைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். குத்தினால் உள்ளே ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கலாம், வரும் புகையும் விஷம். லேப்டாப் வெடிக்காது என்பதும் பொய். 2015 செப்டம்பர் முதல் 2017 பிப்ரவரி வரை விற்ற 15 அங்குல மேக்புக் ப்ரோக்களில் சிலவற்றின் பேட்டரி சூடேறித் தீப்பிடிக்கலாம் என்று 2019இல் ஆப்பிளே சொல்லி, இலவசமாக மாற்றிக் கொடுத்தது. பேட்டரி மாற்றாமல் அந்த மாடலை விமானத்தில் கொண்டுவர வேண்டாம் என்று நம் விமானப் போக்குவரத்துத் துறையைக் கண்காணிக்கும் டிஜிசிஏவும் சொன்னது.

"நிரம்பியதும் தானா கட் ஆயிடும், எப்பவும் போட்டே வையுங்க" என்பதும் அவர் சொன்னதுதான். பாதி உண்மை. சார்ஜ் ஏறுவது நிற்கும், ஆனால் பேட்டரிக்குள் இருக்கும் ஒவ்வொரு செல்லும் (அந்தக் கறுப்புப் பை) நிரம்பிய நிலையிலேயே, 4.2 வோல்ட் அல்லது அதற்கும் மேல், நாள்கணக்கில் உட்கார்ந்திருக்கும். அதோடு மெத்தை மேல் வைத்த சூடும் சேர்ந்தால் உள்ளிருக்கும் திரவம் சிதைந்து வாயுவாகிறது. பை உப்புகிறது, உப்பினது திரும்ப வற்றாது. 80 சதவீதத்தில் நிறுத்தினால் வோல்ட் குறையும், இந்தச் சிதைவும் மெதுவாகும். உப்பவே உப்பாது என்று சொல்லவில்லை.

எரிச்சல் என்னவென்றால், 80இல் நிறுத்தும் அந்த வசதி என் லேப்டாப்பிலேயே முதல் நாளிலிருந்து இருந்தது. லெனோவோ வான்டேஜ் செயலியில் கன்சர்வேஷன் மோட், மைஆசஸ் செயலியில் பேட்டரி கேர், எச்பி, டெல் மாடல்கள் பலவற்றில் பையோஸிலேயே, அதாவது விண்டோஸ் வருவதற்கு முன் திறக்கும் அமைப்புப் பக்கத்திலேயே. விற்றவரும் சொல்லவில்லை, ரிப்பேர் பார்த்தவரும் சொல்லவில்லை. ஊருக்குப் போகும் முதல் நாள் இரவு மட்டும் இப்போது 100க்கு மாற்றுகிறேன்.

புது பேட்டரியையும் கண்ணை மூடி வாங்காதீர்கள். அதே கடைக்காரர் 1,200 ரூபாய்க்கு "ஒரிஜினல் மாதிரியே" என்று ஒன்றைக் காட்டினார். அதில் இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் முத்திரையும் இல்லை, ஆர் என்று தொடங்கும் பதிவு எண்ணும் இல்லை. எண் இருந்தாலும் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டுப் பாருங்கள். கம்பெனி சர்வீஸ் சென்டரில் 5,400 ஆனது. வயிறு எரிந்தாலும் கொடுத்தேன்.

நுகர்வோர் உதவி எண் 1915க்கும் பேசினேன். பில் கேட்டார்கள். துண்டுச் சீட்டைப் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறேன். அதில் கடைப் பெயர் கூட இல்லை, "டச் 2800" என்று மட்டும் பேனாவில் எழுதியிருக்கிறது. உப்பிய பேட்டரியைக் குப்பைத் தொட்டியில் போடாமல் மணல் நிரப்பிய தகர டப்பாவில் பால்கனி நிழலில் வைத்திருந்து, சர்வீஸ் சென்டரிலேயே கொடுத்துவிட்டேன். அந்தச் சின்னப் பையன் திறந்து பார்த்ததற்குக் காசே வாங்கவில்லை. இல்லாமல் போன இரண்டு ஸ்க்ரூவையும் அவன்தான் தேடிப் போட்டுக் கொடுத்தான்.