ஆப்பிரிக்க வேட்டைக்குப் பழைய ரைஃபிள்கள்: நீண்ட காலப் பயன்பாட்டில் தெரிந்தவை

தென்னாப்பிரிக்காவின் லிம்போபோ மாகாணத்திலும் ஜிம்பாப்வேயின் சாம்பெசிப் பள்ளத்தாக்கிலும், உரிமம் பெற்ற வேட்டைகளில் பல பருவங்களாக நான் பயன்படுத்தி வரும் மூன்று ரைஃபிள்களைப் பற்றியது இந்தப் பகிர்வு. மூன்றும் இரண்டாம் உலகப் போருக்கு முன் செய்யப்பட்டவை: மவுசர் 98 என்ற ஜெர்மானியத் துப்பாக்கியின் இயக்கமைப்பில் (தோட்டாவை அறைக்குள் தள்ளிப் பூட்டும் பகுதி) கட்டிய .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் மேக்னம், .470 நைட்ரோ எக்ஸ்பிரஸ் இரட்டைக்குழல், 7×57 மவுசர் (புள்ளியுடன் வரும் எண்கள் குண்டின் விட்டத்தை ஏறத்தாழ அங்குலத்தில் குறிப்பவை; 7×57-ல் 7 என்பது மில்லிமீட்டர்). தொலைநோக்கி பொருத்தாமல், நடந்தே தடம் பார்த்து, விலங்கை நெருங்கிச் சுடும் பழைய முறைக்கு எதை வாங்கலாம் என்று கேட்பவர்கள் பெரும்பாலும் தோட்டாவின் வலிமையைத்தான் முதலில் பேசுகிறார்கள். நான் அதைக் கடைசியாகவே பார்ப்பேன். தோட்டா தொடர்ந்து கிடைக்குமா, கட்டை, அதாவது தோளில் ஊன்றும் மரப்பகுதி, நம் உடம்புக்குப் பொருந்துமா, எண்பது தொண்ணூறு வயதான இரும்பும் மரமும் இன்னும் நம்பத்தக்க நிலையில் உள்ளனவா என்பவையே முதற்கேள்விகள்.

அந்த மூன்று கேள்விகளிலும் தேறுவது .375. 1912-ல் அறிமுகமான இந்தத் தோட்டா, நூற்றாண்டு கடந்த பிறகும் பல நாடுகளில் தயாரிக்கப்படுகிறது. ஆப்பிரிக்காவின் வேட்டை நகரங்களில் பெட்டி தீர்ந்துவிட்டாலும் கடையில் கேட்டு வாங்கக்கூடிய பெரிய தோட்டா இதுதான். 300 கிரெய்ன், அதாவது ஏறக்குறைய 19 கிராம் எடையுள்ள குண்டு, வினாடிக்கு சுமார் 760 மீட்டர் வேகத்தில் வெளியேறுகிறது. எருமைக்கும் யானைக்கும் 9.2 மில்லிமீட்டர் விட்டமும் 5,300 ஜூல் ஆற்றலும் வேண்டும் என்ற ஜிம்பாப்வேயின் விதியை அது நிறைவு செய்கிறது. குடு, இம்பாலா போன்ற மான் வகைகளுக்கு 270 கிரெய்ன் குண்டுக்கு மாறினால், என் துப்பாக்கியில் குறி பெரிதாக நகர்வதில்லை. எல்லாத் துப்பாக்கியும் இப்படி நடந்துகொள்ளும் என்று உறுதி கூற முடியாது.

மவுசர் 98-ன் சிறப்பை வெயிலிலும் புழுதியிலும்தான் உணர முடியும். தோட்டா பெட்டகத்திலிருந்து மேலெழும் கணத்திலேயே நீண்ட நகம் போன்ற இழுப்பான் அதன் விளிம்பைப் பற்றிக்கொள்வதால், பதற்றத்தில் போல்ட்டை (அறையை மூடும் இரும்புத் தண்டு) பாதி தள்ளி மீண்டும் இழுத்தாலும் அறைக்குள் இரண்டு தோட்டாக்கள் முட்டிக்கொள்வதில்லை. ஆனால் வாங்கும்போது ஒன்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும். நீளமான தோட்டாவுக்கென்றே ஜெர்மனியின் ஓபர்ன்டார்ஃபில் உள்ள மவுசர் ஆலையில் செய்யப்பட்ட மேக்னம் மவுசர் விலை அதிகம் என்பதால், பலர் சாதாரண நீள இயக்கமைப்பைக் குடைந்து .375-க்கு இடம் செய்திருக்கிறார்கள். அப்படிக் குடையும்போது, போல்ட்டின் கீழ்ப்பூட்டு வந்து பதியும் இடத்துக்குப் பின்னால் உள்ள இரும்பு மெலிந்துவிடுகிறது. கட்டையைக் கழற்றி, நல்ல துப்பாக்கிக் கம்மியர் ஒருவரிடம் காட்டாமல் பணம் கொடுக்கக் கூடாது. அதே வேளையில், சுடும்போது பின்னோக்கி வரும் உதையைத் தாங்கும் இரும்புக் கட்டிக்குப் பின்னால் மரத்தில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்றும் பார்த்துவிடலாம். பெரிய தோட்டாக்களின் மவுசர்கள் முதலில் பிளப்பது அங்கேதான்.

இரட்டைக்குழல் வேறு உலகம். .470-ன் 500 கிரெய்ன் குண்டு வினாடிக்கு ஏறத்தாழ 655 மீட்டர் வேகத்தில்தான் செல்கிறது. ஆயினும் அடர்ந்த மோபானே மரப் புதருக்குள் நாற்பது மீட்டரில் நிற்கும் எருமைக்கு அந்த மெதுவான, கனமான குண்டே ஏற்றது. இந்த விட்டம் பிறந்த கதையில் இந்தியாவுக்கும் பங்குண்டு. அதே .450 விட்டமுள்ள மார்ட்டினி-ஹென்றி ராணுவத் துப்பாக்கிகளுக்கான குண்டுகள் கிளர்ச்சியாளர் கைக்குச் சென்றுவிடும் என்று அஞ்சிய ஆங்கிலேய அரசு, 1907-ஐ ஒட்டி இந்தியாவிலும் சூடானிலும் .450 துப்பாக்கிகளைத் தடை செய்தது. லண்டன், பர்மிங்காம் பட்டறைகள் .465, .470 போன்ற அளவுகளுக்கு நகர்ந்தன. அவற்றுள் .470 மட்டுமே இன்றும் எளிதில் கிடைக்கிறது என்பதால், பழைய இரட்டைக்குழல் வாங்க நினைப்பவர்களுக்கு வேறெந்த அளவையும் நான் சொல்வதில்லை. .500 விதிவிலக்கு என்று வாதிடுவோர் உண்டு; அவர்களுடைய தோள்கள் என்னுடையதை விட அகலமானவை.

இரட்டைக்குழலின் உயிர்நாடி இரு குழல்களின் ஒத்திசைவு. பட்டறையில் சுட்டுச் சுட்டுப் பார்த்து, குழல்களின் முனையில் ஆப்பை நகர்த்தி, இரண்டும் ஐம்பது அறுபது கஜத்தில் ஒரே இடத்தைத் தொடுமாறு பற்றவைப்பார்கள். வலக் குழலைச் சுடும்போது உதை துப்பாக்கியை வலப்பக்கம் திருப்பும் என்பதையும் அந்தக் கணக்கு உள்ளடக்கியது. ஆகவே குண்டின் வேகம் மாறினால் கணக்கும் மாறுகிறது: மெதுவான தோட்டா குழலுக்குள் சற்று அதிக நேரம் இருப்பதால் இரு குழல்களின் துளைகளும் விலகி விழும், வேகமானது ஒன்றையொன்று குறுக்கே கடந்து விழும். பழைய துப்பாக்கிகள் கார்டைட் என்ற பழைய வெடிமருந்துக்கு இசைவு செய்யப்பட்டவை. கைனோச் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் பெரிய தோட்டாக்கள் 1970-ஐ ஒட்டி நின்றுபோய், 1990களில்தான் மீண்டும் வரத் தொடங்கின. இப்போதைய தோட்டாக்கள் பழைய வேகத்தையே பின்பற்றினாலும், பெட்டிக்குப் பெட்டி சிறு வேறுபாடு இருக்கிறது. நான் ஒவ்வொரு புதிய தொகுதியையும் இரு குழல்களிலும் மாறி மாறிச் சுட்டு, குழல் நன்றாக ஆறிய பின்பே அடுத்த இணையைச் சுடுகிறேன். செலவு அதிகம்தான், அந்தச் செலவைத் தாங்க முடியாதவர் இரட்டைக்குழலை அலமாரியில் வைத்து அழகு பார்க்கலாம், புதருக்குள் கொண்டு செல்ல வேண்டாம்.

கட்டையின் பொருத்தம் பற்றிக் கடைக்காரர்கள் அதிகம் பேசுவதில்லை. இந்த வகைத் துப்பாக்கிகள் பெரும்பாலும் முதல் உரிமையாளரின் கை நீளத்துக்கு அளந்து செய்யப்பட்டவை. ஆறடி ஆங்கிலேயருக்கு அளந்த கட்டை நம்மில் பலருக்கு நீளம். உதையின் வலியில் பெரும்பகுதி தோட்டாவால் வருவதன்று, பொருந்தாத கட்டையால் வருவது. என் இரட்டைக்குழலின் அடிப்பகுதி ரப்பர் அட்டை காலப்போக்கில் கல்லாக இறுகியிருந்தது. அதை மாற்றிய பின் அதே .470 வேறொரு துப்பாக்கியாகத் தோன்றியது.

முன்முனைக் குறிமணி (குறிபார்க்கக் குழல் முனையில் உள்ள மணி) பழைய தந்தமாக இருந்தால் எல்லை கடக்கும்போது சிக்கல் வரலாம். காட்டுப்பன்றிப் பல்லில் செய்த மணி போதுமானது, வெளிச்சம் மங்கும்போதும் தெளிவாகவே தெரிகிறது.

7×57 பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. டபிள்யூ. டி. எம். பெல் என்ற ஸ்காட்லாந்து வேட்டைக்காரர் இந்தச் சிறு தோட்டாவைக் கொண்டே நூற்றுக்கணக்கான யானைகளை வீழ்த்தினார் என்பதை முன்னுதாரணமாகக் காட்டுவோர், அவர் யானை மண்டையோட்டின் உள்ளமைப்பை அறுத்துப் பார்த்துப் படித்தவர் என்பதையும், இவ்வளவு சிறிய தோட்டாவால் யானையைச் சுட இன்றைய சட்டம் அனுமதிக்காது என்பதையும் விட்டுவிடுகிறார்கள். மான் வகைகளுக்கு மட்டும் என்றால் இதைவிட இனிமையான துப்பாக்கியை நான் தோளில் வைத்ததில்லை.

பராமரிப்பில் மழைக்காலமே சோதனை. ஈரத்தில் வால்நட் கட்டை உப்பினால் குழலை ஒரு பக்கம் அழுத்தி மவுசரின் குறியை நகர்த்திவிடும். ஆளி விதை எண்ணெயைக் கட்டையின் வெளிப்புறத்தில் மட்டுமல்லாமல், இரும்பு பதியும் உட்குழிவிலும் மெல்லப் பூசிக் காயவிட்ட பிறகு என் .375-ல் அந்த நகர்வு நின்றது. பழைய கைனோச் தோட்டா எங்காவது கிடைத்துச் சுட்டால், அதன் தீப்பொறிக் குப்பியில் (மருந்தைப் பற்றவைக்கும் அடிப்பகுதி) உள்ள உப்பு குழலை அரிக்கும் என்பதால், அன்று மாலையே கொதிநீர் ஊற்றிக் கழுவி, உலர்த்தி, எண்ணெய் விட வேண்டும். விமானப் பயணத்தில் ஒருவருக்குப் பொதுவாக 5 கிலோ தோட்டாதான் அனுமதி; .375-க்கு அந்த அளவு தாராளம், .470 கொண்டு செல்பவர் இசைவு பார்க்கச் சுடுபவற்றையும் அதற்குள்தான் கணக்கிட வேண்டியிருக்கும்.