மாமாவின் போனும் ஆஸ்பத்திரி டோக்கனும்

விமானம், டாக்சி, ஊர்ச் சாப்பாடு எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தன. அதில் எழுத ஒன்றுமில்லை. எழுத வேண்டியது ஒரு டோக்கனைப் பற்றி.

புளியங்குடியில் இருக்கும் என் மாமாவுக்குக் கண்ணில் புரை. திருநெல்வேலியில் ஒரே ஆஸ்பத்திரியில்தான் பல வருஷமாகக் காட்டுகிறார். முன்பெல்லாம் அங்கே எப்படி என்று சொல்லத் தேவையில்லை. முதல் பஸ்ஸில் போய் பெஞ்சில் துண்டைப் போட்டால் இடம் நமக்கு. டீ குடித்துவிட்டு வந்தாலும் துண்டை யாரும் நகர்த்த மாட்டார்கள். கம்பவுண்டர் வந்து நீள நோட்டில் பேர் எழுதுவார். இப்போது நோட்டும் இல்லை, கம்பவுண்டரும் இல்லை. செயலியில் மட்டும்தான் டோக்கனாம்.

"ஆப்புல போடணுங்காங்க மருமவனே, எனக்கு வர மாட்டேங்கு" என்று போனை என்னிடம் நீட்டினார். 2 ஜிபி ரேம், 32 ஜிபி சேமிப்பு. அதில் பெரும்பகுதி காலை வணக்கப் படங்கள். நான் ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட்டில் செயலிகளுக்குத் திரை வடிவமைத்துப் பிழைக்கிறவன். அதனால் இனி வரும் கோபத்தில் கொஞ்சம் தொழில் கோபமும் கலந்திருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

திறந்ததும் ஆஸ்பத்திரிச் சின்னம் சுழன்று சுழன்று வருகிறது. அது முடிந்தால் டாக்டர்களின் பெரிய பெரிய படங்கள், ஒவ்வொன்றாக நகர்கின்றன. 4ஜி என்று மேலே எழுதியிருந்தாலும் சாயங்காலம் ஊரே வீடியோ பார்க்கும் நேரத்தில் வேகம் பழைய 2ஜிதான். படம் வந்து சேரும்வரை பொத்தான் வராது. அப்புறம் பிறந்த தேதி. நாட்காட்டி இந்த மாதத்தைக் காட்டி நிற்கிறது. மாமா பிறந்தது 1953-ல். மாதம் மாதமாகப் பின்னால் போய்க்கொண்டே இருந்திருக்கிறார், பாவம். மேலே இருக்கும் ஆண்டைத் தொட்டால் பட்டியல் விரியும் என்று அவருக்கு யார் சொல்வார்கள்? நாள், மாதம், வருஷம் என்று மூன்று கட்டம் வைத்து எண்ணைத் தட்டச் சொன்னால் நொடியில் முடிகிற வேலை.

ஆனால் அவரை உண்மையில் மடக்கியது ஓடிபி. எண் வருகிறது. பார்க்க மெசேஜுக்குப் போகிறார். திரும்பி வந்தால் சின்னம் மறுபடி சுழல்கிறது, பேரிலிருந்து எல்லாம் காலி. "எழுதுனதெல்லாம் எங்க போச்சு?" என்று என்னைக் கேட்டார். ரேம் என்கிற நினைவகம் குறைந்த போனில் இன்னொன்றைத் திறந்தால், பின்னால் இருப்பதை ஆண்ட்ராய்டு மூடிவிடும். இடம் வேண்டுமே, அது அதன் வேலை. மூடப்படுவதற்கு முன் "இதுவரை இவ்வளவு நிரப்பியாயிற்று" என்று குறித்துவைக்கிற வசதி ஆண்ட்ராய்டில் ஆரம்பத்திலிருந்தே இருக்கிறது. ஓடிபியைச் செயலி தானே எடுத்துக்கொள்ளும் வசதியும் 2017-லேயே வந்தாயிற்று. இரண்டையும் செய்யவில்லை. செய்தவர் கையில் இருந்த போனில் எதுவும் மூடியிருக்காது, அதனால் குறை கண்ணில் படவே இல்லை என்றுதான் நினைக்கிறேன். ஃபேஸ்புக்கில் 2015-ல் செவ்வாய்க்கிழமைதோறும் ஒரு மணி நேரம் 2ஜி வேகத்தில் செயலியைப் பயன்படுத்திப் பார்க்க ஊழியர்களுக்கு வாய்ப்பு கொடுத்தார்கள். இவர்கள் ஒரு நாள் மாமாவின் போனை வாங்கிப் பார்த்திருந்தால் போதும்.

சரி, நான் மேலிருந்து அறிவிப்புத் திரையை இழுத்து, செயலியை விட்டு வெளியே போகாமலே ஓடிபியைப் படித்துப் போட்டேன். தாண்டியது! அடுத்து, பழைய மருந்துச் சீட்டைப் படம் எடுக்கச் சொன்னது. கேமரா திறந்தது, படம் எடுத்தேன், திரும்பினேன். சின்னம் சுழல்கிறது.

இதே போனில்தான் மாமா தென்காசியில் இருக்கும் அத்தைக்குத் தினம் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்புகிறார். சிக்னல் இல்லாவிட்டால் சின்னக் கடிகாரம் காட்டும். "அது நின்னுட்டு தானா போயிரும்" என்று அவருக்குத் தெரியும். சொன்னது பத்திரமாக இருக்கிறது, வழி கிடைத்ததும் போகும் என்பதை ஒரு எழுத்துகூட இல்லாமல் புரியவைத்துவிட்டார்கள். கேஸ் சிலிண்டருக்கு இன்னும் சுலபம். இண்டேனில் 2021-லிருந்து மிஸ்டு கால் கொடுத்தாலே பதிவாகிவிடுகிறது. பட்டன் போனிலும் வேலை செய்யும். கஷ்டத்தையெல்லாம் அந்தப் பக்கம் வைத்துக்கொண்டு நம்மை ஒரு மணி அடிக்க மட்டும் சொல்கிறார்கள். அதைவிட நல்ல வடிவமைப்பை நான் ஜெர்மனியில் பார்த்ததில்லை. அங்கே காப்பீட்டுக் கம்பெனி இன்னமும் தபாலில் கடிதம் போடுகிறது, டாக்டரிடம் நேரம் வாங்கப் போனில் காத்துக் கிடக்க வேண்டும், ரயில் ஊரைத் தாண்டினால் சிக்னல் போய்விடும். ஆனாலும் போனை எடுத்தால் ஒரு மனுஷி பேசுவார். இங்கே போன் எண் என்று போட்டிருந்த இடத்தில் கூப்பிட்டால், "செயலியைப் பதிவிறக்குங்கள்" என்று பதிவுசெய்த குரல்.

மறுநாள் நேரிலேயே போனோம். காவலாளி உள்ளே விடாமல் எதிரே இருந்த ஜெராக்ஸ் கடையைக் காட்டினார். அங்கே பார்த்தால் பழைய வரிசை அப்படியே நிற்கிறது! ஒரு டோக்கனுக்கு 20 ரூபாய். கடைத் தம்பி தன் போனில் செயலியைத் திறந்துவைத்திருக்கிறார். ஓடிபி நோயாளியின் போனுக்கு வருகிறது, அவர்கள் வாசிக்கிறார்கள், இவர் தட்டுகிறார். இரண்டு போன் என்பதால் செயலியை விட்டு வெளியே போகவே வேண்டாம். மருந்துச் சீட்டை முதலிலேயே ஸ்கேன் செய்து, அளவைக் குறைத்து வைத்துக்கொள்கிறார், அதனால் கேமரா பிரச்சினையும் இல்லை. ஆஸ்பத்திரி காசு கொடுத்து எழுதிய செயலியின் ஓட்டைகளை இந்தத் தம்பி ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து அடைத்திருக்கிறார். பெஞ்ச்கூடப் போட்டிருக்கிறார்.

"நேத்தே இங்க வந்திருக்கலாம், நீதான் ஆப்பு ஆப்புன்னு உக்காந்துட்ட" என்றார் மாமா. டோக்கன் கையில் வந்த சந்தோஷம் அவருக்கு.

ஊருக்குப் போகிறவர்களுக்கு: பெரியவர்களின் போனில் வாட்ஸ்அப் படங்கள் தானாக இறங்குவதை நிறுத்திவையுங்கள். ஓடிபி வந்தால் மேலிருந்து இழுத்துப் படிக்கப் பழக்குங்கள். சீட்டைப் படம் எடுக்கச் சொல்லும் செயலி என்றால் நேரே ஜெராக்ஸ் கடைக்குப் போய்விடுங்கள், 20 ரூபாய்க்கு அது மலிவு.